மாலை போட்டதும் குடியை நிறுத்திய அப்பாவுக்கு நடுக்கம், பிதற்றல்: என்ன செய்வது?

லிந்துலைப் பையன் (இழையைத் தொடங்கியவர்), இரவு 9.40

அவசரமாகக் கேட்கிறேன். நான் கொழும்பு புறக்கோட்டையில் ஒரு கடையில் வேலை செய்கிறேன். அப்பா, அம்மா, தங்கச்சி மலைநாட்டில் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். அப்பாவுக்குத் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்து வேலை. எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் குடிக்கிறார். கொஞ்ச வருஷமாகக் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பிரட்டுக்குப் போகுமுன் ஒரு மடக்கு உள்ளே போகாவிட்டால் கவ்வாத்துக் கத்தியைப் பிடிக்க முடியாது என்ற நிலை.

கார்த்திகை முதல் தேதி, யாரும் சொல்லாமலே போய் ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொண்டார். அதோடு ஒரு சொட்டும் தொடவில்லை. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் மறுநாளே கை உதறல், வேர்வை, சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. இன்று சாயந்தரம் சுவர் முழுக்க எறும்பு என்று துடைத்துக்கொண்டே இருக்கிறாராம். இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) யாரோ நிற்கிறார்கள் என்கிறார். செத்துப்போன பெரியப்பாவைக் கூப்பிடுகிறார். விரதத்தில் தீட்டுப் பட்டுவிட்டது, விடிந்ததும் பூசாரியைக் கூட்டி வரலாம் என்று லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) சொல்கிறார்கள். நான் முதல் பஸ்ஸில் ஏறுவேன். அதுவரை என்ன செய்யச் சொல்வது?

வார்ட் அக்கா, இரவு 9.52

தம்பி, விடியும் வரை காத்திருக்க வேண்டாம். இப்போதே 1990 அம்புலன்சுக்கு அடிக்கச் சொல்லுங்கள். மேல் டிவிஷன் என்றால் வண்டி லயம் வரை ஏறாது. அவர்கள் வரும்போது நீங்கள் பெரிய ரோட்டுக்கு இறக்கி வைத்திருந்தால் நேரம் மிஞ்சும். அதுவும் தாமதம் என்றால் தோட்ட லொறியோ ஓட்டோவோ, எது கிடைக்கிறதோ அது.

இது தீட்டு இல்லை, பேய் இல்லை. நாள் முழுக்கக் குடித்துப் பழகிய உடம்பு ஒரேயடியாக நிறுத்தினால் இப்படித்தான் ஆகும். மதுசாரம் மூளையை அமுக்கி வைக்கிற பொருள். அதற்கு ஈடுகட்ட மூளை வருஷக்கணக்கில் தன்னை முறுக்கி வைத்திருக்கும். அமுக்குகிற கை திடீரென்று போனதும் முறுக்கு மட்டும் மிஞ்சுகிறது. கடைசிக் குடிக்கு ஆறு எட்டு மணி நேரத்துக்குப் பிறகு நடுக்கம் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள் வரைதான் இந்தப் பிதற்றல், இல்லாததைப் பார்ப்பது, காய்ச்சல், நெஞ்சு படபடப்பு எல்லாம். அப்பா இப்போது அந்த இடத்தில் நிற்கிறார். சிகிச்சை இல்லாமல் விட்டால் மூன்றில் ஒருவர் வரை இறந்திருக்கிறார்கள் என்று படித்திருக்கிறோம். வார்டில் வைத்துப் பார்த்தால் நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே வந்துவிடும்.

வண்டி வரும் வரை: லைட்டைப் போட்டே வையுங்கள், இருட்டில் பயம் கூடும். கட்டிப் போட வேண்டாம். பழகிய குரல் ஒன்று பக்கத்தில் பேசிக்கொண்டிருக்கட்டும். நல்ல நினைவோடு விழுங்க முடிந்தால் மட்டும் தண்ணீர் கொடுங்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் கரண்டி திணிக்க வேண்டாம், கையில் சாவி கொடுத்தும் பயன் இல்லை. யாராவது தூக்கக் குளிசை தருவார்கள், வாங்க வேண்டாம். ஆஸ்பத்திரியில் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டியது: "தினமும் குடித்தவர், இன்ன நாள் நிறுத்தினார்." வெட்கப்பட்டு அதை மறைத்து வெறும் காய்ச்சல் என்று சேர்த்துவிடுவார்கள், எங்களுக்குப் புரிய ஒரு நாள் போய்விடும்.

லிந்துலைப் பையன், இரவு 10.05

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டு அண்ணன் 1990-க்கு அடித்திருக்கிறார். மாலையைக் கழற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனால் குற்றமா என்று அம்மா கேட்கிறார்.

குருசாமி ஹப்புத்தளை, இரவு 10.11

குற்றம் இல்லை சாமி. மருந்து சாப்பிட்டால் விரதம் கெடாது. டொக்டர் கழற்றச் சொன்னால் கழற்றி வீட்டில் படத்துக்கு முன்னால் வைக்கலாம், குணமானதும் திரும்பப் போடலாம். உயிரை விட்டு விரதம் எடுக்கச் சொல்லி எந்த சாஸ்தாவும் கேட்கவில்லை. அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

மஸ்கெலியா மச்சான், காலை 7.30

கோபித்துக்கொள்ள வேண்டாம். இப்படி எல்லாவற்றையும் நோய் நோய் என்று சொல்லித்தான் குடிகாரனுக்கு இடம் கொடுக்கிறோம். என் மாமா ஒரே நாளில் விட்டார். நடுக்கமும் இல்லை, எறும்பும் இல்லை. மனசு வைத்தால் நிறுத்தலாம். இதைப் படிக்கிற குடிகாரன், "நிறுத்தினால் செத்துப்போவேனாம், அக்காவே எழுதியிருக்கிறார்" என்று நேரே சாராயத் தவறணைக்குப் போவான்.

வார்ட் அக்கா, காலை 8.15

மாமா நிறுத்தியது பெரிய விஷயம். சனி ஞாயிறு மட்டும் குடிக்கிறவர், சம்பள நாளில் மட்டும் குடிக்கிறவர், பெரும்பாலும் அப்படி நிறுத்தலாம். அவர்களை நான் சொல்லவில்லை. யார் பயப்பட வேண்டும் என்றால், காலையில் எழுந்ததும் நடுக்கத்தை நிறுத்தவே குடிக்க வேண்டியிருப்பவர். முன்பு ஒரு தடவை நிறுத்தியபோது வலிப்பு வந்தவர். வயதானவர், ஈரல் கெட்டவர், நீரிழிவு இருப்பவர். இவர்கள் நிறுத்த வேண்டாம் என்று நான் எங்கே எழுதினேன்? டொக்டரிடம் காட்டிவிட்டு நிறுத்துங்கள் என்றுதான் சொல்கிறேன். சில நாள் மருந்தை மெல்ல மெல்லக் குறைத்துக் கொண்டுவருவார்கள், கூடவே விட்டமின் பி1 ஊசி. குடிக்கிறவர்களுக்குச் சாப்பாடே ஒழுங்காக இருக்காது, உடம்பில் பி1 தீர்ந்து கிடக்கும். அது இல்லாமல் போனால் கண் ஒரு பக்கம் இழுக்கும், நடை தள்ளாடும், பிறகு நினைவே நிரந்தரமாகப் போய்விடும். வெறி தெளிந்த பிறகும் தள்ளாடுகிறார் என்றால் சிரிக்காமல் கூட்டி வாருங்கள்.

இன்னொன்றையும் கேளுங்கள். தூள் (ஹெரோயின்) அடிக்கிறவர் நிறுத்தினால் துடிப்பார், வாந்தி, வயிற்றுப்போக்கு, மேல் வலி, பார்க்கவே முடியாது. ஆனால் பொதுவாக உயிர் போவதில்லை. கடையில் லைசென்ஸ் போட்டு விற்கிற சாராயத்தை நிறுத்தும்போது உயிர் போகலாம். தூள்காரனைப் பார்த்துத் தெருவே நடுங்குகிறது, சாராயத்துக்கு மட்டும் கல்யாண வீட்டில் தனி மேசை.

லிந்துலைப் பையன், காலை 11.20

பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன், கினிகத்தேனை தாண்டிவிட்டது. ராத்திரி ஒரு மணிக்கு வார்டில் சேர்த்துவிட்டார்கள். வழியில் ஒரு தடவை வலிப்பு வந்ததாம். இப்போது ஊசி போட்டுத் தூங்குகிறார். அக்காவுக்கும் குருசாமிக்கும் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

குருசாமி ஹப்புத்தளை, பகல் 12.40

நல்ல சேதி. நம் பக்கம் மாலை போடுகிறவர்களில் பாதிப் பேர் குடியை விடுவதற்காகத்தான் போடுகிறார்கள் என்பது எல்லா குருசாமிக்கும் தெரியும். வாய்விட்டுச் சொல்வதில்லை. எங்கள் குழுவில் ஒரு சாமிக்குப் பூஜை நடக்கும்போதே வலிப்பு வந்ததிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஐப்பசியிலேயே கேட்டுவிடுவோம்: காலையில் குடிக்கிற ஆளா? ஆம் என்றால் முதலில் டிஸ்பென்சரிக்கோ கிளினிக்குக்கோ போய்க் காட்டிவிட்டு வா, மாலை கொஞ்சம் பிந்திப் போட்டாலும் பரவாயில்லை.

நான் யோசிக்கிறது வேறு. நாற்பத்தொரு நாள் விடுகிற மனிதன், மலையிலிருந்து வந்து மாலையைக் கழற்றிய அன்று ராத்திரியே குடிக்கிறானே, ஏன்? அந்த நாற்பத்தொரு நாளில் அவனுக்கு என்ன கிடைத்தது என்று பாருங்கள். விடியுமுன் குளிக்க எழுப்ப ஆள். சாயந்தரம் போய் உட்கார ஓர் இடம். ஊரே "சாமி" என்று கூப்பிடுகிறது, வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயாகூட மரியாதையாகப் பேசுகிறார். கழற்றினதும் ஒரே நாளில் எல்லாம் போய்விடுகிறது. பழைய பெயர், பழைய திண்ணை, பழைய கூட்டாளிகள். உடம்பை வார்ட் அக்கா பார்த்துக்கொள்வார். அந்தச் சாயந்தரங்களை யார் பார்ப்பது?

கொழுந்துக்காரி மகள், பகல் 2.05

குருசாமி சொன்னதில் சாயந்தரம் என்பதைப் பிடித்துக்கொள்கிறேன். தோட்டத்தில் ஆம்பிளைகளுக்குச் சாயந்தரம் பகல் ஒரு மணிக்கே தொடங்கிவிடும். கவ்வாத்து, புல்லு வெட்டு, கொடுத்த கணக்கு முடிந்தால் வீடு. அம்மா மலையிலிருந்து கடைசிக் கொழுந்து நிறுத்து இறங்க நாலரை, ஐந்து. அதற்குப் பிறகு தண்ணீர், விறகு, சோறு, பிள்ளைகள். ஆம்பிளைக்குக் கையில் நேரம், பொம்பிளைக்குக் கையில் சம்பளம். எங்கள் வீட்டில் அந்தச் சம்பளத்தையும் அப்பாதான் போய் வாங்குவார், கைக்காசு உட்பட. யாரும் அதைத் தப்பு என்று சொன்னதில்லை. அம்மா அட்டைக்கடியோடு எடுத்த கொழுந்துக்குக் கிலோ குறைந்து அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) விழுந்தால் அதற்கும் அடி.

2024 செப்டம்பரில் அடிப்படை நாள் சம்பளத்தை 1,350 ரூபாய் ஆக்கியபோது ஊரே வெடி போட்டது. அம்மா மட்டும், "கூடின காசு தவறணை வரைக்கும்தான் வரும்" என்றார்.

மாலை போட்ட நாற்பத்தொரு நாளும் எங்கள் வீட்டில் அடி இல்லை. எனக்குச் சின்ன வயதில் தீபாவளியைவிடக் கார்த்திகை பிடிக்கும். இந்த இழையில் எல்லோரும் அப்பாக்களின் நடுக்கத்தைப் பற்றியே பேசுகிறோம். பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் குடியை நிறுத்தும்வரை அம்மாக்கள் அடி வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. 2005-ஆம் ஆண்டின் 34-ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், அதற்கு விவாகரத்து வேண்டியதில்லை. 1938 பெண்களுக்கான அழைப்பு எண். "வெறியில் அடித்தார், பாவம்" என்பது ஒரு காரணமே இல்லை. வெறியில் இருக்கிற அதே மனிதர் தோட்டத் துரையை அடிப்பதில்லையே, ஏன்?

மஸ்கெலியா மச்சான், பகல் 2.30

கடைசி வரிக்கு என்னிடம் பதில் இல்லை. சம்பளத்தை அம்மா பெயரில் பாங்குக்குப் போடச் செய்யுங்கள், கார்டும் அம்மா கையில் இருக்கட்டும். முதலில் சண்டை வரும், அப்புறம் பழகிவிடும்.

கொழுந்துக்காரி மகள், பகல் 2.41

கார்டின் நம்பரும் அம்மாவுக்கு மட்டும் தெரிந்தால் சரி. எங்கள் லயத்தில் முக்கால்வாசிக் கார்டு ஆம்பிளைகளின் பர்ஸில்தான் இருக்கிறது.

பழைய தலைவர், மாலை 5.10

தம்பிமாரே, இதெல்லாம் நம் இரத்தத்தில் வந்த வியாதி இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் சாராயக் குத்தகை அரசாங்கத்துக்குப் பெரிய வருமானம். 1912-இல் மதுவரிச் சட்டம் வந்ததும் சிங்கள ஊர்களில் மதுவிலக்கு இயக்கம் எழுந்தது, பெரிய பெரிய ஆட்கள் அதில் இருந்தார்கள். தோட்டத்துக்குள் அந்தக் காற்று அவ்வளவாக வரவில்லை. வெளி ஆட்கள் உள்ளே வந்து கூட்டம் போட முடியாத காலம் அது. ஆனால் தோட்டத்து ரோடு பெரிய ரோட்டில் சேருகிற சந்தியில் தவறணை இருந்தது. குளிரும் பசியும் களைப்பும் உள்ளவனுக்கு அதுதான் முதல் கதவு.

கணக்கப்பிள்ளை பேரன், மாலை 6.02

ஐயா, மரியாதையோடு சொல்கிறேன். வெள்ளைக்காரன் போய் முக்கால் நூற்றாண்டு ஆகிறது. எழுபதுகளில் தோட்டம் அரசாங்கத்துக்கு வந்தது, 1992-இல் கம்பனிக்குப் போனது. தவறணை மட்டும் ஒரு கை மாறாமல் நிற்கிறது. வோட்டுக் கேட்டு வருகிறவர்கள் முதல் நாள் ராத்திரி லயத்துக்கு என்ன அனுப்புகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? 2024-இல் கொடுத்த மதுபான லைசென்ஸ் பட்டியலை அந்த டிசம்பரில் பாராளுமன்றத்தில் வைத்தார்களே, அதுவும் வெள்ளைக்காரன் கொடுத்ததா?

பழைய தலைவர், மாலை 6.20

நான் பெயர் சொன்னால் மட்டுறுத்துனர் வெட்டிவிடுவார். நீ சொல்வது சரி.

மட்டுறுத்துனர், மாலை 6.25

வெட்டுவேன். கட்சி, தோட்டம், ஆஸ்பத்திரிப் பெயர்கள் வேண்டாம். மற்றபடி தொடருங்கள்.

பதுளை றோட், இரவு 8.00

சாராய விலை ஏற ஏறக் குடி குறையும் என்றார்கள். 2023 ஜனவரியில் மதுவரியை 20 வீதம் ஏற்றினார்கள், அதற்குப் பிறகும் ஏற்றினார்கள். எங்கள் பக்கம் என்ன நடந்தது? கால் போத்தல் எடுத்தவன் கசிப்புக்கு, கள்ளச் சாராயத்துக்குப் போனான். போயா தினத்தில் தவறணை பூட்டு என்று பெயர், அன்றைக்குத்தான் லயத்துப் பின்பக்கம் அதிக வியாபாரம்.

வார்ட் அக்கா, இரவு 8.45

விலை ஏறினால் மொத்தத்தில் குடிப்பது குறையும் என்பது பல நாடுகளில் பார்த்த விஷயம், முக்கியமாக இளம் பிள்ளைகள் தொடங்குவது குறையும். ஆனால் ஏற்கெனவே அடிமையானவர் விலையைப் பார்த்து நிறுத்த மாட்டார், மலிவானதைத் தேடுவார். நீங்கள் பார்ப்பது அவர்களை.

கசிப்பைப் பற்றி: சீனியும் ஈஸ்டும் போட்டுக் காய்ச்சியதில் அழுக்கு, உலோகம் என்று எதுவும் இருக்கலாம். ஆள் கூட்டமாகச் சாவது பெரும்பாலும் மெதனோல் கலந்தால்தான். மெதனோல் தொழிற்சாலைச் சாமான். உடம்புக்குள் போய் ஃபோமிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தின்னும். குடித்த உடனே வித்தியாசம் தெரியாது. பன்னிரண்டு மணி நேரம், ஒரு நாள் கழித்துப் பார்வை பனி மூடினதுபோல் ஆகும், வயிறு வலிக்கும், மூச்சு வேகமாக வாங்கும். வெறி இன்னும் இறங்கவில்லை என்று போர்த்திப் படுக்க வைக்காதீர்கள். மாற்று மருந்து இருக்கிறது, பிந்தினால் பயன்படாது. கூடக் குடித்த எல்லோரையும் கூட்டி வாருங்கள், நன்றாக இருப்பவரையும் சேர்த்து.

குளிருக்கு ஒரு கிளாஸ் என்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். குடித்ததும் தோலில் இரத்தம் கூடுதலாக ஓடுவதால் சூடாகத் தெரியும், உள்ளே இருக்கிற சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும். நுவரெலியாக் குளிரில் கானுக்குள் (வடிகாலுக்குள்) விழுந்து விடியும் வரை கிடந்தவர்களை நாங்கள் பார்க்கிறோம். வெற்றிலை, பாக்கு, புகையிலையோடு சாராயமும் சேர்ந்தால் வாய்ப் புற்று. நம் நாட்டில் ஆண்களுக்கு அதிகமாக வருகிற புற்றே அதுதான்.

லிந்துலைப் பையன், மறுநாள் காலை 10.15

அப்பா என்னை அடையாளம் கண்டுகொண்டார். எறும்பு எங்கே என்று கேட்டேன், முறைத்தார். அம்மாவுக்கு யாரோ குடி மறக்க ஒரு பவுடர் இருக்கிறது, தெரியாமல் தேத்தண்ணியில் கலந்து கொடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அது சரியா?

வார்ட் அக்கா, காலை 11.30

வேண்டவே வேண்டாம். அப்படி விற்கிற பவுடரில் என்ன இருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாது. சிலதில் டைசல்ஃபிராம் குளிசையைப் பொடி பண்ணிப் போடுவார்கள். அது உண்மையான மருந்துதான், டொக்டர் எழுதித் தருவார். ஆனால் குடித்தால் என்ன ஆகும் என்று தெரிந்து, சம்மதித்து எடுக்கிறவருக்கு மட்டும். தெரியாமல் கொடுத்து அவர் வெளியே போய்க் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி, நெஞ்சு வலி, பிரஷர் இறங்கி விழுந்துவிடுவார், உயிரும் போகலாம். பிழைத்தால் அதற்குப் பிறகு அம்மா கையால் தேத்தண்ணி குடிப்பாரா? வார்டை விட்டு வருமுன் மனநல கிளினிக்குக்குத் துண்டு எழுதி வாங்குங்கள். ஆசையைக் குறைக்க வேறு மருந்துகளும் இருக்கின்றன. 1926 மனநல அழைப்பு எண், 1927 போதைப்பொருள் கட்டுப்பாட்டுச் சபையின் எண்.

புறக்கோட்டைத் தம்பி, பகல் 1.00

அண்ணே, அப்பாமாருக்காவது சாராயம். எங்களோடு கடையில் நிற்கிற மலைநாட்டுப் பொடியன்களிடம் இப்போது ஐஸ் (மெத்தம்பெற்றமின்) என்ற போதைப்பொருள். ராத்திரி மூட்டை இறக்கத் தூக்கம் வரக்கூடாது என்று தொடங்குகிறான்கள். நரம்பு வலிக்குக் கொடுக்கிற பிரெகபலின் குளிசையையும் கைநிறையப் போடுகிறான்கள். 2022 சட்டத்துக்குப் பிறகு ஐந்து கிராம் ஐஸ் கையில் இருந்தாலே மரண தண்டனை அல்லது ஆயுள். அது தெரிந்த ஒருவனையும் நான் பார்க்கவில்லை. ஊருக்கு வரும்போது அம்மாமார், "மகன் குடிக்கிறதில்லை, நல்ல பிள்ளை" என்கிறார்கள்.

மஸ்கெலியா மச்சான், பகல் 1.22

இதற்குத் தனி இழை போடு தம்பி. இங்கே எழுதினால் அமுங்கிப் போகும்.

கணக்கப்பிள்ளை பேரன், மாலை 4.40

குருசாமி கேட்ட சாயந்தரக் கேள்விக்கு வருகிறேன். வாலிபால் கோர்ட் போடலாம், வாசிகசாலை திறக்கலாம் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் பேசுகிறோம். நம் கையில் இப்போதே இருக்கிற ஒன்றை முதலில் தொடலாமே. நான் எங்கள் டிவிஷன் மரண உதவிச் சங்கத்துக்குச் செயலாளர். ஒவ்வொரு சாவுக்கும் குழி வெட்டுகிறவர்களுக்குப் போத்தல், தப்பு அடிக்கிறவர்களுக்குப் போத்தல், ராத்திரி முழித்திருக்கிறவர்களுக்குப் போத்தல். கணக்கில் "இதர செலவு" என்று விழும். குடித்தே செத்தவர் வீட்டிலும் அதேதான். மாலை கழற்றிய சாமி முதல் கிளாஸ் எடுப்பது பெரும்பாலும் சாவு வீட்டில், அதுவும் சந்தாக் காசில்.

பழைய தலைவர், மாலை 5.05

போத்தல் இல்லாமல் குழி வெட்ட ஆள் வருமா? மழையில், அந்தக் களிமண்ணில்?

கணக்கப்பிள்ளை பேரன், மாலை 5.12

கூலி கொடுப்போம், சுடச் சோறு கொடுப்போம். காசைக் கொடுத்தால் அவர்களே வாங்கிக் குடிப்பார்கள் என்பீர்கள். குடிக்கட்டும், அது அவர்கள் காசு. சங்கம் ஊற்றிக் கொடுக்க வேண்டாம். அடுத்த கூட்டத்துக்குப் பிரேரணை எழுத வேண்டும், யாராவது உதவுங்கள்.

கொழுந்துக்காரி மகள், மாலை 5.40

இப்படி எழுதுங்கள்: "இன்று முதல் சங்கப் பணத்தில் மதுபானம் வாங்கக் கூடாது. குழி வெட்டுவோருக்கும் தப்பு அடிப்போருக்கும் கூலியும் உணவும் வழங்கப்படும். இதர செலவு என்ற தலைப்பில் 1,000 ரூபாவுக்கு மேற்பட்ட எந்தத் தொகைக்கும் பற்றுச்சீட்டு இணைக்க வேண்டும்." ஓட்டெடுப்புக்கு விடும்போது சந்தாவில் பெயர் இருக்கிற பொம்பிளைகள் எல்லோரும் கை தூக்க வேண்டும். அதனால் கூட்டத்தைப் பகலில் வைக்காதீர்கள், கொழுந்து நிறுத்து வந்த பிறகு வையுங்கள்.

மஸ்கெலியா மச்சான், மாலை 5.48

தவறணைக்காரன் பற்றுச்சீட்டு கொடுத்தால்?

கணக்கப்பிள்ளை பேரன், மாலை 5.50

அதையும் கணக்கில் ஒட்டி, கூட்டத்தில் சத்தமாக வாசிப்போம்.